தானாக அணையும் கம்ப்யூட்டர், விநோதமாகச் சத்தம் போடும் கம்ப்யூட்டர்: கோளாறை எங்கிருந்து தேடுவது?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் பில் போடும் கம்ப்யூட்டர், தங்கசாலைப் பக்கம் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடையின் கம்ப்யூட்டர், ராயபுரத்தில் துறைமுக வேலை பார்க்கும் சின்ன ஆபீஸின் கம்ப்யூட்டர், வியாசர்பாடியில் காலேஜ் பிள்ளை செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர். எதில் என்ன கோளாறு வந்தாலும் நம் வட சென்னையில் கிடைக்கிற பதில்கள் மூன்றுதான். "வைரஸா இருக்கும்ணா." "ஒரு ஃபார்மேட் போட்டா சரியாயிடும்." "போர்டு போச்சு."

சில சமயம் அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். ஆனால் பெட்டிக்குள் கடகடவென்று சத்தம் வருவதற்கும், நடு வேலையில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து போவதற்கும் வைரஸ் காரணமாக இருப்பது அபூர்வம். ஃபார்மேட் போட்ட பிறகும் அது அணையத்தான் செய்யும். இடையில் கடைக் கணக்கும் குழந்தையின் படங்களும் அழிந்திருக்கும். அது எனக்குப் பொறுக்காத விஷயம். கொஞ்சம் புரிந்துகொண்டால் தவிர்த்துவிடலாம், அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சத்தம் வருவதும் தானாக அணைவதும் பெரும்பாலும் தனித்தனிக் கோளாறுகள். இரண்டும் ஒரே மாதத்தில் வந்ததால் ஒன்றுக்கு இன்னொன்று காரணம் என்று நினைத்துவிடுகிறோம். முதலில் அணைவதைப் பற்றிய ஒரு பொதுவான விஷயம், அடுத்து சத்தம், அதன் பிறகு ஒவ்வொரு காரணமாகப் பார்ப்போம்.

## "எப்போ அணையும்னே சொல்ல முடியல" என்பதன் அர்த்தம்

மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி, கீழும் மேலுமாக நாலு குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் மாடியில் ஒருவர் குளித்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று தண்ணீர் நூலாகிவிடுகிறது. அவருக்குக் காரணமே தெரியாது. கீழ் வீட்டில் அந்த நேரம் பார்த்து வாஷிங் மெஷினுக்குக் குழாயைத் திறந்திருப்பார்கள். இவர் பிளம்பரைக் கூப்பிடுகிறார். பிளம்பர் வரும்போது கீழே குழாய் மூடியிருக்கும், மேலே தண்ணீர் அருமையாக வரும். "ஒண்ணும் பிரச்சினை இல்லையே சார்" என்று அவர் போய்விடுவார்.

இதே வீட்டில் குழாய் புதிதாக இருந்தபோது யார் எப்போது திறந்தாலும் மேலே குறையவில்லை. பத்து வருஷ உப்பு படிந்து உள்ளே குழாய் சுருங்கிய பிறகுதான் இந்தத் தொல்லை.

கம்ப்யூட்டரிலும் நடப்பது இதேதான். ஒவ்வொரு பாகத்துக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு. நாம் அதனிடம் கேட்கும் அளவு ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மிச்சம்தான் கம்ப்யூட்டரை ஓட வைக்கிறது. வயதாக ஆக, தூசி அடைய அடைய, அந்த மிச்சம் குறைகிறது. கடைசியில், நாலு ஜன்னல் திறந்து, வீடியோ ஓடி, வெயிலும் ஏறி, கரண்டும் கொஞ்சம் ஆடினால் அந்த ஒரு நொடியில் அது தாங்காமல் போகிறது. சர்வீஸ் பண்ணுகிறவரின் ஏ.சி. அறையில் மேஜை மேல் வைத்து, எந்த வேலையும் கொடுக்காமல் ஓட்டினால் நாள் முழுக்க நன்றாக ஓடும். அவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை.

ஆகவே காரணம் இல்லாமல் அணைவது என்று ஒன்று கிடையாது. நாம் கவனிக்காத ஒரு நிபந்தனை நிறைவேறும்போது அணைகிறது. அந்த நிபந்தனையைக் கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும். இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். அணைந்த நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, அறை எவ்வளவு புழுக்கம், ஃபிரிட்ஜோ மோட்டாரோ அப்போதுதான் ஓட ஆரம்பித்ததா, ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, இவற்றை ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள்.

## சத்தம் போட முடிந்தவை மிகச் சில

பெட்டிக்குள் இருக்கும் பெரும்பாலான பாகங்கள் அசைவதே இல்லை. கணக்குப் போடும் பிராசஸர், வேலையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ராம், எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு, தகவலைச் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி., எதிலும் அசையும் உறுப்பு கிடையாது. அசைவது ஃபேன்களும் பழைய வகை ஹார்டு டிஸ்க்கும்தான், டிவிடி டிரைவ் இருந்தால் அதுவும். அதனால் சத்தத்தின் மூலத்தைக் கண்டுபிடிப்பது நாம் பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. ஒரு செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறு முனையைப் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் வைத்துக் கேட்டாலே எந்த மூலை என்று தெரிந்துவிடும்.

கடகடவென்று சீராக, அடிக்கடி வரும் சத்தம் பெரும்பாலும் ஏதோ ஒரு வயர் ஃபேன் இறக்கையில் உரசுவது. ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, வயரை ஒதுக்கிக் கட்டினால் முடிந்தது. செலவே இல்லை.

கொரகொரவென்று அரைக்கும் சத்தம் ஃபேனின் பேரிங்கிலிருந்து வருவது. ஃபேனின் அச்சு தடையில்லாமல் சுற்றுவதற்காக அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் உறைதான் பேரிங். விலை குறைந்த ஃபேன்களில் அது எண்ணெய் ஊறிய ஒரு சின்னக் குழல் மட்டுமே. எண்ணெய் வற்றினால் அச்சு உறையில் மோதிச் சுற்றும். காலையில் ஆன் செய்ததும் கொரகொரத்து, சூடேறியதும் அடங்கிவிடும் ஃபேன் இந்த வகை. அடங்கிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அது மெதுவாகிக்கொண்டே போய் ஒரு நாள் நின்றுவிடும். இதில் தையல் மெஷின் எண்ணெய் விடுவது சில வாரங்களுக்குத் தாங்கும். ஃபேனையே மாற்றுவதுதான் சரி.

உஸ்ஸென்று பலமாகக் காற்று இரைந்தால் ஃபேனில் கோளாறு இல்லை. உள்ளே சூடு அதிகமாகி, அதைத் தணிக்க ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. தேட வேண்டியது சூட்டின் காரணத்தை.

இன்னொன்று, கீச்சென்ற மெல்லிய சத்தம். கேம் ஆடும்போதோ பெரிய படத்தை உருட்டும்போதோ மட்டும் வரும். மதர்போர்டிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் இருக்கும் கம்பிச் சுருள்கள், கரண்டு ஏறி இறங்கும்போது நுண்ணியதாக அதிர்வதால் வருவது அது. கேட்க எரிச்சலாக இருக்கும், ஆபத்து கிடையாது. இதற்காக யாராவது போர்டை மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டாம்.

## உண்மையிலேயே பயப்பட வேண்டிய சத்தம்

அது ஹார்டு டிஸ்க்கின் 'டிக்... டிக்... டிக்'. ஒரே இடைவெளியில் சில தடவை வந்து, நின்று, மறுபடி தொடங்கும்.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே பளபளப்பான வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகின்றன. தகவலைப் படிக்கும் முனை அந்தத் தகட்டைத் தொடுவதில்லை. அதற்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில், சுற்றும் தகடு இழுக்கும் காற்றிலேயே மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். தகட்டில் எழுதி வைத்திருக்கும் வழிக்குறிகளைப் படித்துத்தான் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். முனையோ தகடோ கெட்டுப்போனால் குறி கிடைக்காது. உடனே அது தன் ஆரம்ப இடத்துக்குத் திரும்பி, மறுபடி முயற்சி செய்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு டிக்.

இந்தச் சத்தம் வந்துவிட்டால் ஒவ்வொரு நிமிட ஓட்டமும் தகட்டை மேலும் கெடுக்கக்கூடும். ஃபார்மேட் கூடாது, டிஸ்க்கைச் சரிபார்க்கும் ஸ்கேன் கூடாது, தட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. கம்ப்யூட்டர் இன்னும் திறக்கிறது என்றால் மிக முக்கியமான ஃபைல்களை முதலில், பெரிய படங்களைக் கடைசியில் என்ற வரிசையில் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். திறக்கவில்லை, உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பு மட்டுமே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். டிஸ்க்கின் மூடியை வீட்டில் கழற்றினால் உள்ளே விழும் ஒரு தூசியே அந்த முனைக்குப் பாறை.

பல சமயம் சத்தம் வருவதற்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கும். எல்லா டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும், படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் இடங்களின் எண்ணிக்கையும்தான் அதில் முக்கியம். மஞ்சள் நிறத்தில் எச்சரித்தால் அன்றைக்கே காப்பி எடுத்துவிடுங்கள்.

சரி, இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சத்தம் என்றால் ஃபேன் அல்லது ஹார்டு டிஸ்க். ஃபேன் சத்தத்துக்கு ஆற அமர வைத்தியம் பார்க்கலாம். டிஸ்க்கின் டிக் சத்தத்துக்கு மட்டும் அந்த நிமிடமே கை வைக்க வேண்டும்.

## எப்படி நின்றது என்பதைப் பாருங்கள்

"ஆஃப் ஆயிடுச்சு" என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று விதம் இருக்கிறது.

கரண்ட் கட்டானதுபோல் ஒரே நொடியில் இருட்டாகிறதா? சந்தேகம் மின்சாரத்தின் மேலும் சூட்டின் மேலும் போக வேண்டும். நீலத் திரை வந்து, ஏதோ எழுத்து காட்டி, ரீஸ்டார்ட் ஆகிறதா? ராம், பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள், சில சமயம் டிஸ்க். படம் அப்படியே உறைந்து, மவுஸும் நகராமல், ஃபேன் மட்டும் ஓடுகிறதா? டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, ராம் என்று தேட வேண்டும். இது கறாரான சட்டம் கிடையாது, ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதற்கு இது போதும்.

நீலத் திரையைப் படிப்பதற்குள் அது மறைந்துவிடுகிறது என்பார்கள். விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் செய்யும்படி அமைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். சிஸ்டம் அமைப்புகளில் ஸ்டார்ட்அப் அண்டு ரெகவரி என்ற பகுதியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக் குறியை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தப் பிழைப்பெயர், அலைந்து கேட்கும் பத்து ஆலோசனைகளை விடப் பயன்படும்.

இங்கே ஒரு பெரிய தவறான புரிதலைச் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரில் நடந்ததைப் பதிந்து காட்டும் விண்டோஸின் ஈவண்ட் வியூவரைத் திறந்து பார்ப்பவர்கள் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பில் இருப்பதைக் கண்டு, பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பதிவு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கம்ப்யூட்டர் முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் நின்று, மறுபடி ஆன் ஆகியிருக்கிறது. சூட்டில் அணைந்தாலும், உறைந்துபோய் நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே 41 வரும். அது காரணத்தைச் சொல்வதில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறது.

## எஸ்.எம்.பி.எஸ்: அதிகம் சந்தேகப்பட வேண்டிய பெட்டி

கம்ப்யூட்டர் பெட்டியின் ஒரு மூலையில் தனியாக ஓர் இரும்புப் பெட்டி இருக்கும், கரண்ட் வயர் அதில்தான் போய்ச் சேரும். அதுதான் எஸ்.எம்.பி.எஸ்., பவர் சப்ளை என்பதும் இதைத்தான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அந்த 12 வோல்ட் ஐந்து சதவீதம் வரை ஏறலாம், இறங்கலாம். அதாவது 11.4 முதல் 12.6 வரை பரவாயில்லை. நாம் சும்மா டைப் செய்யும்போது கம்ப்யூட்டர் கேட்கும் கரண்டு கொஞ்சம். வீடியோ எடிட்டிங்கோ கேமோ தொடங்கினால் ஒரே நொடியில் பல மடங்கு கேட்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். அசையாமல் கொடுக்கும். தளர்ந்துபோனது அந்த நொடியில் 12 வோல்ட்டைக் கீழே விட்டுவிடும். மேல் மாடியில் தண்ணீர் நூலாவது இங்கேதான்.

தளர்வது எதனால்? கெபாசிட்டர். மின்னூட்டத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைத்துத் தேவைப்படும்போது கொடுக்கும் சின்ன உருளை அது. உள்ளே ஒரு திரவம் இருக்கிறது, வருஷக்கணக்கில் சூட்டில் அது மெல்ல வற்றுகிறது. சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லாரும் பயன்படுத்தும் கணக்கு. ஜன்னல் இல்லாத உள் அறையில், சுவரோடு ஒட்டி, மேஜைக்கு அடியில் திணித்த பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மதர்போர்டிலும் இவை உண்டு. கெட்டுப்போனவை சில சமயம் கண்ணுக்கே தெரியும். தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பி, பழுப்பாகக் கசிந்திருக்கும்.

இந்தக் கெபாசிட்டர்தான் நம் வீடுகளில் நடக்கும் ஒரு புதிருக்கும் விடை. "யு.பி.எஸ். இருக்கு, ஆனாலும் கரண்ட் போனா சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகுது" என்பார்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். வீட்டு யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறச் சில மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும், சாதாரணமாகப் பத்துக்குள். அந்த இடைவெளியில் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் தேங்கி நிற்கும் மின்னூட்டம்தான் கம்ப்யூட்டரைத் தாங்குகிறது. புதிதில் அது சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும்படி செய்திருப்பார்கள். கெபாசிட்டர் வற்றிய பிறகு அந்த நேரம் சுருங்குகிறது. யு.பி.எஸ். மாறி முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் விழுந்துவிடுகிறது. பழி யு.பி.எஸ். மேல்.

எது குற்றவாளி என்று பார்க்க ஒரு எளிய சோதனை. கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, யு.பி.எஸ்.ஸில் ஒரு டேபிள் லேம்ப்பைச் சொருகுங்கள். யு.பி.எஸ். போகும் சுவர் சுவிட்சை அணையுங்கள். விளக்கு ஒரு சிமிட்டலோடு தொடர்ந்து எரிந்தால் யு.பி.எஸ். மாறுகிறது, பேட்டரிக்கும் உயிர் இருக்கிறது, எனவே அடுத்த சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். அணைந்தே போனால் பெரும்பாலும் பேட்டரி போய்விட்டது. இரண்டு மூன்று வருஷம் ஆன பேட்டரி என்றால் அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் வீட்டு இன்வர்ட்டரில் ஓடுகிறது என்றால், இன்வர்ட்டரின் பின்னால் பாருங்கள், பலவற்றில் 'யு.பி.எஸ். மோடு' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது சாதாரண மோடில் இருந்தால் மாறும் நேரம் அதிகம், நல்ல கம்ப்யூட்டரும் ரீஸ்டார்ட் ஆகும். சுவிட்சை மாற்றினாலே பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு.

கேபினட், அதாவது கம்ப்யூட்டர் பெட்டி, வாங்கும்போது இலவசம்போல் சேர்ந்து வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நான் நம்புவதில்லை. மேலே ஒட்டியிருக்கும் 450 வாட் என்ற எண்ணை அது நிலையாகக் கொடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிராசஸருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு இதில் சிக்கனம் பார்ப்பது வீண்.

ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். உள்ளே பல்லி போய்ச் செத்து ஷார்ட் ஆகியிருப்பது நம் ஊரில் சகஜம். அதை எடுப்பதும் பழகியவர் கையால்தான் நடக்க வேண்டும்.

## கேபினட்டைத் தொட்டால் 'சுர்' என்கிறதா?

பழைய வீடுகளில் பலர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருப்பார்கள், அல்லது சுவர் பிளக்கில் எர்த் வயரே வந்திருக்காது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிப் பகுதியிலிருந்து மிகச் சிறிய கரண்டு எப்போதும் எர்த்துக்கு இறங்க வேண்டும். இறங்க வழி இல்லாவிட்டால் கேபினட்டின் இரும்பு உடம்பே ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜில், நூற்றுச் சொச்சத்தில் நிற்கும். கரண்டின் அளவு மிகக் குறைவு என்பதால் வெறும் சுர்ரோடு போகிறது. ஆனால் அதே பெட்டியில் உண்மையான லீக்கேஜ் ஏற்பட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை. எர்த் இல்லாமல் பிரிண்டரோ மானிட்டர் கேபிளோ சொருகும்போது போர்ட்டுகள் கெடுவதும் உண்டு. இதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சரி செய்துவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

சுருக்கமாக, கரண்டு சம்பந்தமாகப் பார்க்க வேண்டிய வரிசை: எர்த், யு.பி.எஸ். பேட்டரி, எஸ்.எம்.பி.எஸ்.

## சூடு

பிராசஸர் தன் சூட்டைத் தானே அளந்துகொள்ளும். வகையைப் பொறுத்து 95, 100 டிகிரிப் பக்கம் போனால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் எரிந்துபோகாமல் இருக்கச் சட்டென்று அணைத்துவிடும். ஆகவே சூட்டில் அணைவது கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் செயல்.

ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறைக் காற்றைத் தள்ளிச் சூட்டை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். அறை 28 டிகிரி இருக்கும் மார்கழியில் 75 டிகிரியில் ஓடிய பிராசஸர், அதே வேலையைக் கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் செய்தால் சுமார் 85 காட்டும். பத்து டிகிரி மிச்சம் அப்படியே போய்விட்டது. அதோடு தூசியும் சேர்ந்தால் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். மே மாதத்தில் மட்டும் மதியம் அணைகிற கம்ப்யூட்டரின் கதை இதுதான். எச்.டபிள்யூ. இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் சூட்டைத் திரையில் காட்டும். வேலை கொடுத்துவிட்டு அந்த எண் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

திறந்து பார்க்கும்போது ஒன்றைக் கிட்டே போய்க் கவனியுங்கள். இன்டெல் பிராசஸரோடு வரும் ஃபேன் நான்கு மூலையிலும் நான்கு பிளாஸ்டிக் பின்களால் போர்டில் அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு பின் லேசாக மேலே எழும்பியிருந்தாலும் ஃபேனுக்கு அடியில் பிராசஸரை ஒட்டியிருக்கும் உலோகத் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், சூடு கடத்தாது. வண்டியில் வைத்துப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொண்டுவந்த பிறகு தானாக அணைய ஆரம்பித்தால் முதலில் அந்த நான்கு பின்களைத்தான் பார்க்க வேண்டும். பிராசஸருக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்பிச் சூட்டைக் கடத்தும் பசைதான் தெர்மல் பேஸ்ட். வருஷங்கள் ஓடினால் அது காய்ந்து பொடியாகும். பழையதைத் துடைத்து, பட்டாணி அளவு புதியது வைத்தால் போதும். அப்பி வைத்தால் குளிர்ச்சி கூடாது.

தூசியை எடுக்க ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தாறுமாறான வேகத்தில் சுற்றி பேரிங் போய்விடும்.

## கடற்காற்று செய்யும் வேலை

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வாழும் நமக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. காற்றில் வரும் உப்பு, தூசியோடு சேர்ந்து போர்டின் மேல் படிகிறது. காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கரைந்த உப்பு நன்றாகவே கரண்டைக் கடத்தும். சென்னையில் விடியற்காலை ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். காலையில் நாலு தடவை ஆன் செய்தால்தான் எழும், ஒருமுறை சூடேறிவிட்டால் சாயங்காலம் வரை ஓடும் என்ற வகைக் கம்ப்யூட்டர்களில் இந்த உப்பு ஈரத்தையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் தூசியை அடிக்கடி எடுப்பதும், தினமும் கொஞ்ச நேரமாவது ஓட்டுவதும் உதவும். பிளாஸ்டிக் கவரால் இறுக்கி மூடி வைப்பது ஈரத்தை உள்ளே பூட்டுவதாகும்.

வெள்ளத் தண்ணீர் பெட்டிக்குள் போயிருந்தால் விஷயமே வேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அப்படிப்பட்ட தண்ணீர் காய்ந்தாலும் படிந்தது போகாது. வெயிலில் வைத்துவிட்டு ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள், குறிப்பாக ஹார்டு டிஸ்க்கை.

## ராம்: எங்கே அடிக்கும் என்று தெரியாத கோளாறு

கம்ப்யூட்டர் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம் ராம். 8 ஜிபி ராமில் சுமார் 6,870 கோடி நுண்ணிய அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு 0 அல்லது 1. அதில் ஒரே ஒரு அறை கெட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று அந்த அறையில் ஒரு போட்டோவின் பகுதி வந்து உட்கார்ந்தால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், யாரும் கவனிக்கப் போவதில்லை. நாளை விண்டோஸின் ஒரு கட்டளை அங்கே வந்தால் நீலத் திரை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப்பெயர், வேறு வேறு மென்பொருளில் என்று வந்தால் ராமைச் சந்தேகப்படுவது இதனால்தான்.

விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை இருக்கிறது. இன்னும் கடுமையாகப் பார்க்க மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்ற இலவச மென்பொருளை இரவு முழுக்க ஓட விடலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது பிழைதான். இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றி ஒன்றில் சில நாள் ஓட்டிப் பாருங்கள். பொன்னிறப் பற்களில் அழுக்குப் படிந்திருந்தால் சுத்தமான ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். கை வைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உடம்பில் உள்ள நிலைமின்னூட்டம் இறங்க ஏதாவது பெரிய இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

தேதியும் நேரமும் தவறாகக் காட்டுகிறது என்பதற்கும் இந்த அணைதலுக்கும் சம்பந்தமில்லை. அது போர்டில் இருக்கும் காசு வடிவப் பேட்டரி தீர்ந்ததன் அடையாளம்.

## சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

முதலில் காப்பி. டிஸ்க்கில் உள்ளதை வெளியே எடுக்காமல் பெட்டியை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

அடுத்து, "ஆஃப் ஆகுதுண்ணா" என்று மட்டும் சொல்லாமல் நோட்டில் எழுதியதைக் காட்டுங்கள். "மதியம் ரெண்டு மணிக்கு மேலதான் அணையுது, போட்டோஷாப் ஓடும்போது, நீலத் திரை வரல, சூடு 97 காட்டுச்சு" என்று சொன்னால் நல்ல மெக்கானிக் நேராக ஃபேனுக்கும் பேஸ்ட்டுக்கும் போவார். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ராமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சேர்த்து மாற்றிச் சரியானால், எது கெட்டது என்று யாருக்கும் தெரியாது, நல்ல பாகத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருப்பீர்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதுப் பாகம் வாங்கி வருவதற்கு முன்னால், தெரிந்தவர் ஒருவரின் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரவல் வாங்கி மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க முடிந்தால் அது மிகச் சிறந்த சோதனை. வழக்கமாக அணையும் அதே நேரத்தில், அதே வேலையைக் கொடுத்து ஓட்டுங்கள். அணையாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. அப்போதும் அணைகிறது, சூடும் சரியாக இருக்கிறது, ராம் சோதனையிலும் பிழை இல்லை என்றால், அதற்குப் பிறகுதான் மதர்போர்டைப் பற்றிப் பேச வேண்டும்.